மர்ட்டி என்று மூன்று தடவை

மர்ட்டி லௌனிக்கு அவருடைய அம்மா விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்றுதான். சாகும்போது அவருடைய பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாள். அந்தக் கடலோரத்தில் இந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்பவர்களிடம் சொல்வார், ஆடு விலை பேச வந்தவனிடம் சொல்வார், மழைக்கு ஒதுங்கிய தபால்காரனை உட்கார வைத்து டீயும் கொடுத்துச் சொல்வார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துப் போயிருந்தது. ஆனாலும் ஒருவரும் குறுக்கே பேசியதில்லை. அவரிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று ஊருக்கே தெரியும்.

பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத தாய் உண்டா? ஜொஹானா லௌனி அப்படித்தான் இருந்தாள். இளையவர்கள் இரண்டு பேரையும் வாய்க்கு வாய் ஜாக், நோனி என்பாள். மூத்தவர் மட்டும் "பயலே". பயலே, தண்ணி கொண்டா. பயலே, கோழியை அடை. அப்பா அமெரிக்காவில் செம்புச் சுரங்கத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து, கடைசியில் நெஞ்சில் தூசி அடைத்து அங்கேயே செத்துப்போனவர். ஆகவே வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல வேறு ஆளும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "மர்ட்டி லௌனி" என்று கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறார் என்று இவர் பின்னால் திரும்பிப் பார்த்தாராம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

சிரிக்காமல் சொல்வது நெருப்பு விஷயத்தை. அந்த வீட்டு அடுப்பு, சுவரோடு ஒட்டித் தரையிலேயே எரிகிற திறந்த நெருப்பு. சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் எரியும், மேலே கொக்கியில் பானை தொங்கும். குளிர்காலத்தில் வீட்டில் உயிருள்ளதெல்லாம் அதைச் சுற்றித்தான் கிடக்கும், நாய் உட்பட. ஜாக்குக்கு ஒரு பக்கம், நோனிக்கு ஒரு பக்கம். மர்ட்டிக்கு ஒரு முக்காலி, அதுவும் கதவோரம், காற்றில் பல் கிட்டிப்போகிற இடத்தில். மறந்துபோய்க் கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் தோளில் இடுக்கி விழும். "நெருப்புகிட்ட வராத, பயலே." நாய்க்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை என்று அவர் சொல்லும்போது எதிரே இருப்பவர்கள் டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்டவள், 1938-ல் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கட்டிலை அடுப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஜாக் பாஸ்டனில், நோனி லிவர்பூலில். கூட இருந்தவர் வேண்டாத பிள்ளை ஒருவர்தான். முற்றத்தில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மர்ட்டி. மர்ட்டி. மர்ட்டி. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். கையைப் பிடித்தார். உயிர் போய்விட்டது. "கடைசியில அவ வாயில என் பேரு வந்துச்சுய்யா. எனக்கு அது போதும்" என்று முடிப்பார்.

போதும் என்று சொன்னாரே தவிர, மனசு ஆறவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் முதல் வேலையாக அந்த முக்காலியை உடைத்து அடுப்பில் போட்டார். நெருப்புக்கு நேர் எதிரே, முழங்கால் சுடுகிற தூரத்தில், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணம் ஆகி, மகள் டிலியா பிறந்து, மனைவி போய்ச் சேர்ந்து, காலம் எவ்வளவோ ஓடியும் அந்த நாற்காலி ஓர் அங்குலம் நகர்ந்தது கிடையாது.

1986 பிப்ரவரியில் அவருக்குக் கால் வீங்கியது. இதயம் களைத்துவிட்டது, கோடையைப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். டிலியா அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவள் கூட்டுறவுக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அப்பாவைப் போலவே வாய்த்துடுக்கு உண்டு. சொல்லாவிட்டால் என்ன, அவருக்கே தெரிந்திருந்தது.

"உங்கம்மா அவ பொறந்த வீட்டு ஆளுங்களோட போய்ப் படுத்துட்டா. அந்தக் குழியில இனிமே ஒரு பூனைக்கும் இடமில்ல. நான் எங்கம்மாகிட்டயே போறேன்" என்றார் ஒரு நாள் காலை.

"உயிரோட இருக்கறப்பவே நெருப்புகிட்ட விடாத பொம்பள, குழிக்குள்ள மட்டும் விட்டுருவாளாக்கும்."

"அதான் கூப்பிட்டாளே, புள்ள."

அந்தக் கல்லறையில் பெயர் வெட்டிய கல் கிடையாது. வயலிலிருந்து தூக்கிவந்த ஒரு கருங்கல்தான் அடையாளம். நல்ல கல்லாக நாட்டி, அடியிலிருக்கும் தாத்தா பெயர், அம்மா பெயர், கீழே தன் பெயருக்கு இடம், எல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்றார் மர்ட்டி. கல் வெட்டுகிறவர் சரியான தேதி கேட்டார். அம்மா போனது மார்ச் மாதம் புதன்கிழமை என்பது வரைதான் இவருக்கு நிச்சயம். தாத்தா, அதாவது கிழவர் மர்ட்டி, இவர் பிறப்பதற்கு முன்பே போனவர். தேதிக்காக டிலியா டவுனில் இருக்கும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்தவள் கிரேட்டா க்ரௌலி. டிலியாவோடு படித்தவள், கையும் வாயும் சேர்ந்தே ஓடுகிற ரகம். ஜொஹானா லௌனியைச் சட்டென்று எடுத்துவிட்டாள். மார்ச் பதினாறு. வயது அறுபது. இறக்கும்போது உடனிருந்தவர், மகன் மார்ட்டிமர் லௌனி. மர்ட்டியின் முழுப்பெயர் அதுதான். அப்பாவின் இளவயதுக் கையெழுத்தை டிலியா அப்போதுதான் பார்த்தாள். கடைசி எழுத்தில் பேனா அழுந்தித் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.

"இப்ப தாத்தா. அவரும் மார்ட்டிமர்தானே?" கிரேட்டா விரலை ஓட்டினாள். "ரெண்டு பேர் இருக்காங்கடி. ஒருத்தர் 1901. இன்னொருத்தர் 1906, அதே ஊரு, அதே வீடு போல இருக்கு. ஏய் டிலியா, உங்கப்பா செத்து எண்பது வருஷம் ஆச்சு. பென்ஷன் வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கறது யாரு?"

டிலியா சிரித்துவிட்டாள். கிரேட்டாவும் சிரித்துக்கொண்டே பெரிய புத்தகத்தைத் தூக்கிவந்து விரித்தாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்து படித்தார்கள்.

மார்ட்டிமர் லௌனி. ஆண். வயது இரண்டரை. சுரங்கத் தொழிலாளி மகன். கொதிநீர்ப் புண், மூன்று நாள். மருத்துவர் பார்க்கவில்லை. இறக்கும்போது உடனிருந்தவர், தாய் ஜொஹானா லௌனி. எழுதத் தெரியாதவள் ஆகையால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, கோணலாக.

கிரேட்டாவின் வாய் நின்றது. அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

"அந்தக் காலத்துல அப்படித்தாண்டி" என்றாள் பிறகு, மெதுவாக. "மொதப் பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு வெச்சே ஆகணும். அவன் போயிட்டா அடுத்து பொறக்கறவனுக்கு அதையே தூக்கி வெச்சுடுவாங்க. எங்க பாட்டியோட பொறந்ததுல மூணு பேருக்குக் கேட்னு பேரு. உசுரோட நின்னது மூணாவது கேட்தான். உங்கப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்லுவா? கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களோ என்னமோ. அவர் என்னன்னு கேப்பாரு?"

வரும் வழியில் முதலில் டிலியாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படிச் சொல்வது அவளுக்கே கூச்சம், ஆனால் உண்மை. அப்பா, அவ உங்களை வெறுக்கல. நெருப்புல ஒரு பிள்ளையைக் கொடுத்தவ. அதே பேரோட வந்த இன்னொருத்தனை அந்தப் பக்கமே விடல. அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னாலே நெருப்புக்குக் காது கேட்டுடும்னு பயந்திருக்கா. இப்படி இப்படிச் சொல்லவேண்டும் என்று காருக்குள் வாய்விட்டே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பாலத்துத் திருப்பம் வந்தபோதுதான் அது உறைத்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

அப்படியானால் சாகும்போது கூப்பிட்டது எந்த மர்ட்டியை?

யோசிக்க என்ன இருக்கிறது? முப்பது வருஷம் ஒரு தடவைகூட அந்தப் பெயரால் கூப்பிடாத பிள்ளையை, மூச்சு போகிற நேரத்தில் புதிதாக அப்படிக் கூப்பிடுவாளா? அவள் கூப்பிட்டது தன்னோடு முதலில் இருந்தவனை. கிரேட்டா நகல் எழுதிக் கொடுத்த இந்தத் தாளை அப்பாவிடம் நீட்டினால் நெருப்புக் கணக்கு நேராகிவிடும். ஆனால் அவரிடம் இருக்கிற ஒரே சொத்து போய்விடும். அதை நம்பித்தான் அவர் அந்தக் குழிக்குப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். சாகக் கிடக்கிற மனுஷனிடம் இதைப் பிடுங்குவதா? டிலியா தாளை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து இரண்டு தேதிகளை மட்டும் சொன்னாள்.

மறைத்தது ஞாயிற்றுக்கிழமை வரைதான் நின்றது. கிரேட்டா கெட்டவள் இல்லை. ஆனால் பென்ஷன் வேடிக்கையை மட்டும், அதுவும் பூசை முடிந்த கையோடு, யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அதைக் காதில் வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டு டென்னி ஷே, வாராவாரம் போல் மர்ட்டிக்குப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"என்னய்யா மர்ட்டி, செத்த ஆளுக்கு டீ கேக்குதா?"

"இன்னும் சாகல. அவசரம்னா நீர் முன்னாடி போம்."

"1906-லயே போயிட்டீராமே. புஸ்தகத்துல இருக்காம். கவர்மெண்டுக்காரன் குடுத்ததை எல்லாம் திருப்பிக் கேக்கப் போறான், பார்த்துக்கும்."

டிலியா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. டென்னி அவள் முகத்தைப் பார்த்தார். மர்ட்டியும் பார்த்தார். டென்னிக்கு என்ன என்று புரியவில்லை, ஆனால் ஏதோ உடைத்துவிட்டோம் என்று புரிந்தது. ஆட்டுக்குத் தீவனம் வைக்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு, ஊற்றிய டீயைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

"யாரு புள்ள அது?" என்றார் மர்ட்டி.

"யாரோ ஒரு லௌனி. ஊருல கல்லைத் தூக்கினா லௌனிதான்."

"மர்ட்டி லௌனியா?"

"ஆமா."

"எத்தனை வயசு?"

கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு ஒரு பொய் வரவில்லை.

"குடு" என்றார் அவர், கையை நீட்டி. "நீ அன்னிக்கு வந்ததுலேருந்து அந்தக் கோட்டை ஆணியில மாட்டாம கட்டில் மேல போட்டுக்கிட்டு இருக்க. எனக்குக் கண்ணு இல்லைன்னு நெனப்பா?"

அவள் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருப்பு வெளிச்சத்தில் தாளைப் பிடித்தார். உதடு அசைய அசையப் படித்தார். படித்து முடித்ததும் மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. டிலியா அறுத்த ரொட்டியையே திரும்ப அடுக்கினாள்.

"கொதிநீர்" என்றார் கடைசியில்.

"ஆமாப்பா."

"இந்த அடுப்புதான்."

"ஆமா."

"மூணு நாள் கிடந்திருக்கான். அவ ஒருத்தியா பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. எங்கப்பன் அங்க மண்ணைத் தோண்டிக்கிட்டு இருந்தான். திரும்பி வந்து, அதே பேரை வெய்யின்னு நின்னிருப்பான். அவன் அப்பன் பேராச்சே, விட்டுருவானா." தாளை மடியில் இறக்கினார். "வேற பேரு வெச்சிருக்கலாம். ஊருல பேருக்கா பஞ்சம்?"

டிலியா வந்து அவர் பக்கத்தில் கீழே உட்கார்ந்தாள். இப்போது கேட்டுவிடுவார் என்று பயமாக இருந்தது. அவர் கேட்கவில்லை, தானே சொன்னார்.

"அப்ப அவ கூப்பிட்டது இவனை."

"அப்படின்னு எப்படிச் சொல்ல முடியும்பா? உங்களையும்..."

"சும்மா இரு, புள்ள. கல்லாவுல வர்றவங்களுக்குச் சொல்ற சமாதானத்தை எனக்குச் சொல்லாத."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தாள் மடியில் கிடந்தது. அழுவார் என்று டிலியா நினைத்தாள், அழவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊருக்கெல்லாம் கூவிச் சொன்ன கதை ஒரே நிமிஷத்தில் இன்னொருத்தனுடையது ஆகிவிட்டால், எழுபத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்?

"அந்தக் கதையை நான் முழுசாச் சொன்னதே இல்ல, டிலியா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு தடவை கூப்பிட்டா. ஓடி வந்தேன். இந்தா, இங்கதான் கட்டிலு. நெருப்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல முட்டி போட்டுக் கையைப் புடிச்சேன். அத்தோட உயிர் போச்சுன்னு சொல்லுவேனில்ல? போகல. கண்ணைத் திறந்தா. என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னாடி எரியறதைப் பார்த்தா. கையை உதறிக்கிட்டா. 'நெருப்புகிட்ட வராத, பயலே'ன்னா. தெளிவாச் சொன்னா. அதுக்கப்புறந்தான் போனா."

டிலியா நெருப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாகறப்பவும் வெரட்டறாளேன்னு நெனச்சேன். முப்பது வயசு ஆம்பளை, இங்க உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். வெளியில சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால பின்பாதியை வெட்டிட்டு முன்பாதியை மட்டும் சொல்லிக்கிட்டு வந்தேன். உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது." இப்போது அவர் குரல் உடைந்தது. "எனக்குன்னு சொன்னது அதுதான், புள்ள. அவனுக்கு வந்ததை இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். எனக்கு வந்ததைப் பொதைச்சு வெச்சேன்."

டிலியா அவருடைய வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுது முடிக்க நேரமாயிற்று. அழுகை ஓய்ந்த பிறகு மூக்கைச் சிந்தி, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"முக்காலியை வேற எரிச்சுத் தொலைச்சேன்" என்றார்.

"விடுங்கப்பா."

"அவனும் அங்கதான இருப்பான், அந்தக் குழியில?"

"அங்கதான் இருக்கணும். வேற எங்க?"

"அப்ப அவன் பேரையும் வெட்டச் சொல்லு. மொதல்ல அவன், வயசோட. கீழ நான். தாத்தாவோட சேர்த்து ஒரே பேரை மூணு தடவை வெட்டச் சொல்றோம், தப்பா எழுதிக் குடுத்துட்டோம்னு அந்த ஆளு போன் பண்ணுவான். தப்பில்லைன்னு சொல்லு."

"சொல்றேன்."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். டிலியா தாங்கிப் பிடித்தாள்.

"நாற்காலியை அங்க போடு" என்று கதவைக் காட்டினார்.

"அங்க காத்து அடிக்கும்பா. நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

"போடு, புள்ள."

கனமான நாற்காலி. இத்தனை காலம் நின்ற இடத்தில் நாலு கால்களும் தரைக்கல்லில் பள்ளம் போட்டிருந்தன. டிலியா அதை இழுத்துக்கொண்டுபோய்க் கதவோரம் போட்டாள். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து உட்கார்ந்தார். கதவுக்கு அடியிலிருந்து ஈரக்காற்று காலில் அடித்தது. எதிரே அடுப்புக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

"தள்ளி வந்துட்டேம்மா" என்றார் அந்தப் பக்கம் பார்த்து.

டிலியா போர்வை எடுத்துவர உள்ளே போனாள்.